பிழையற்ற நிரல்: சோதனையா, நிரூபணமா?

(இளநிலை அறிவியல், இரண்டாமாண்டு மாணவர் ஒருவர்)

"கணிப்பொறி பொய் சொல்லாது" என்பது இன்று நம் ஊர்களில் பழமொழி போல ஆகிவிட்டது. வங்கிக் கணக்கில் பணம் குறைந்தாலும், ரேஷன் கடையில் கைரேகை பதியாமற் போனாலும், கூலிச் சீட்டில் தொகை மாறினாலும், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது" என்ற ஒரே விடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கணிப்பொறி பொய் சொல்வதில்லை என்பது சரியே. ஆனால் அது மெய் சொல்வதும் இல்லை. நாம் எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்கிறது. எழுதிக் கொடுத்தது தவறாயின், அந்தத் தவறையும் அயராமல், கூசாமல், நொடிக்குக் கோடி முறை செய்து முடிக்கும்.

அப்படியானால் பிழையே இல்லாமல் நிரல் எழுத வழி உண்டா? "உண்டு, ஆனால் அதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு" என்கிறது கணிதம். 'ஃபார்மல் மெத்தட்ஸ்' என்று வழங்கும் அத்துறையை நாம் கணித வழி நிரலாக்கம் என்று அழைக்கலாம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் படித்த எவரும் இதன் வாயிற்படியைக் கடந்துவிட்டவரே. அதன் அடிப்படையை நம் ஊர்க் கணக்கொன்றைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தேயாத பொருளில் ஏன் பழுது?

பனியன் கம்பெனியில் தையல் இயந்திரம் ஓட ஓட ஊசி முறிகிறது, பேரிங் தேய்கிறது, எண்ணெய் வற்றுகிறது. நேற்று நன்றாக ஓடிய இயந்திரம் இன்று பழுதாவது இயற்கை. நிரலுக்கோ தேய்மானம் என்பதே இல்லை. பத்தாண்டுகள் ஓடிய பின்னும் அதன் ஓர் எழுத்தும் மங்குவதில்லை. எனவே ஒரு நிரலில் இன்று ஒரு பிழை வெளிப்பட்டால், அது இன்று பிறந்த பிழையன்று. எழுதிய அன்றே, எழுதியவர் கையாலேயே உள்ளே வைக்கப்பட்டு, தனக்குரிய வேளைக்காகக் காத்திருந்த பிழை.

இதற்கு நம் நாட்டிலேயே மறக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. ஐ.ஆர்.எஸ்.-1இ என்ற செயற்கைக்கோளை அது சுமந்து சென்றது. இரண்டாம் கட்டம் பிரியும் வேளையில் ஏற்பட்ட அலைவிலிருந்து ராக்கெட் மீளவில்லை; செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடையாமல் கடலில் வீழ்ந்தது. ஆராய்ந்து பார்த்ததில், ராக்கெட்டின் மேல்-கீழ்ச் சாய்வைக் கட்டுப்படுத்தும் நிரற்பகுதியில் ஒரு பிழை இருந்தது தெரிய வந்தது. கட்டுப்பாட்டுக் கட்டளையின் அளவு வரையறுத்த உச்சத்தைத் தாண்டும்போது மட்டுமே அது தலைகாட்டும். மற்ற வேளைகளில் அப்படியொரு பிழை இருப்பதே தெரியாது.

நம் விஞ்ஞானிகள் குறையைக் களைந்தனர். 1994 அக்டோபர் 15ஆம் நாள் அடுத்த பி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது. அதன்பின் அந்த ராக்கெட் உலகின் நம்பிக்கைக்குரிய ஊர்திகளுள் ஒன்றாக விளங்கியதை நாம் அறிவோம். இவ்வகைப் பிழை நமக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன்-5 ராக்கெட் தன் முதற்பயணத்தில், கிளம்பி ஒரு நிமிடம் கூட ஆகாத நிலையில் வெடித்துச் சிதறியது. 32,767க்கு மேற்பட்ட எண்ணைத் தாங்க இயலாத ஓர் இடத்தில் அதனினும் பெரிய எண் வந்து சேர்ந்ததே காரணம். முந்திய ஏரியன்-4இல் அதே நிரற்பகுதி தொல்லையின்றி ஓடியிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சோதனையின் எல்லை

"ஓட்டிப் பார்த்துச் சோதித்தால் போதாதா?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு எண்களைக் கூட்டும் மிகச் சிறிய நிரல் ஒன்று. ஒவ்வோர் எண்ணும் 32 பிட் அளவுடையது. எல்லா இணைகளையும் சோதிப்பதென்றால் இரண்டை 64 முறை பெருக்கி வரும் அளவு சோதனைகள் வேண்டும். நொடிக்கு நூறு கோடி சோதனைகள் செய்தாலும் முடிக்க ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். வெறும் கூட்டலுக்கே இந்நிலை.

நம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவு இருக்கிறது. சில இடங்களில் ஒவ்வொரு காயையும் விரித்துப் பார்க்கின்றனர். சில இடங்களில் பெட்டிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்து முழுச் சரக்கையும் மதிப்பிடுகின்றனர். அந்த முறை அங்கே செல்லும். ஒரே துணி, ஒரே நூல், ஒரே இயந்திரம் என்பதால் நூறு காய்களைப் பார்த்து ஆயிரத்தைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம். நிரலின் இயல்பு அப்படியன்று. 239க்குச் சரியாக விடை தந்தது என்பதால் 240க்கும் தரும் என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே பாதாளம் இருக்கலாம்.

நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (1930–2002) இக்கருத்தை 1970ஆம் ஆண்டு வாக்கிலேயே அழுத்தமாக எடுத்துரைத்தார். பிழை இருப்பதைச் சோதனையால் காட்ட முடியும். பிழை இல்லை என்பதை ஒருபோதும் காட்ட முடியாது என்பது அவர் கொள்கை. அப்படியானால் பிழை இல்லை என்பதை எதனால் காட்டுவது? எண்ணற்ற முக்கோணங்களையும் அளந்து பார்க்காமலே, மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று நாம் எதனால் உறுதி கூறுகிறோமோ, அதனால்தான். அதன் பெயர் நிரூபணம்.

கொழும்பில் பிறந்தவர் காட்டிய வழி

நிரலையும் ஒரு தேற்றம் போல நிரூபிக்கலாம் என்ற எண்ணம் ஆலன் டூரிங்கிடமே தோன்றியது. 1949இல் அவர் இது பற்றி ஒரு சிறு கட்டுரை படைத்தார். 1967இல் அமெரிக்கரான ராபர்ட் ஃபிளாய்டு, நிரலின் ஓட்டப்படத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அவ்விடத்தில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் முறையை வகுத்தார். 1969இல் டோனி ஹோர் என்ற ஆங்கிலேயர் அதை விதிகளாக்கி முழுமைப்படுத்தினார். இந்த ஹோர் 1934இல் இலங்கையின் கொழும்பு நகரில் பிறந்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி.

ஹோரின் முறை மூன்று உறுப்புகளைக் கொண்டது. நிரல் தொடங்குமுன் எது உண்மையாக இருக்க வேண்டும் என்பது முன்நிபந்தனை. நிரல் முடிந்தபின் எது உண்மையாக இருக்க வேண்டும் என்பது முடிவு நிபந்தனை. இரண்டுக்கும் இடையே நிற்பது நிரல். முன்நிபந்தனை உண்மையாயிருந்து நிரல் ஓடி முடிந்தால், முடிவு நிபந்தனை தவறாமல் உண்மையாகும் என்று காட்டுவதே நிரூபணம்.

தம் கட்டுரையில் ஹோர் எடுத்துக்காட்டாகக் கொண்டது மீண்டும் மீண்டும் கழித்து வகுக்கும் கணக்கு. நாம் அதையே டஜன் கணக்காக மாற்றிக் கொள்வோம். ஒருவர் ஒரு வாரத்தில் தைத்த காய்களை டஜனாகவும் உதிரியாகவும் பிரிக்க வேண்டும். நிரல் இது:

மீதி ← மொத்தம்
டஜன் ← 0
மீதி 12 அல்லது அதற்கு மேல் இருக்கும் வரை:
  மீதி ← மீதி − 12
  டஜன் ← டஜன் + 1

முன்நிபந்தனை: மொத்தம் குறை எண்ணாக இருத்தலாகாது. முடிவு நிபந்தனை இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று, மொத்தம் = 12 × டஜன் + மீதி; அதாவது ஒரு காயும் காணாமற் போகவில்லை. மற்றொன்று, மீதி 0 முதல் 11 வரைக்குள் இருக்க வேண்டும். அதாவது முழு டஜன் எதுவும் உதிரியில் தங்கிவிடவில்லை.

இப்போது நிரூபணத்தைப் பார்ப்போம். சுற்று எத்தனை முறை ஓடினாலும் மாறாமல் நிற்கும் உண்மை ஒன்றைத் தேட வேண்டும். இதுவே இக்கலையின் உயிர்நாடி. இங்கே அந்த மாறா உண்மை, மொத்தம் = 12 × டஜன் + மீதி என்பதே. தொடக்கத்தில் டஜன் 0, மீதியே மொத்தம். ஆகவே சமன்பாடு உண்மை. ஒரு சுற்று ஓடும்போது மீதியில் 12 குறைகிறது. டஜனில் ஒன்று கூடுகிறது. ஒரு பக்கம் போன 12 மறுபக்கம் வந்து சேர்வதால் சமன்பாடு குலைவதில்லை. 250 காய்கள் என்றால் முதலில் (0, 250), பின் (1, 238), பின் (2, 226) எனச் சென்று (20, 10) என்பதில் நிற்கும். எங்கே நிறுத்திப் பார்த்தாலும் கூட்டினால் 250.

முதற்படி உண்மை, ஒரு படி உண்மையானால் அடுத்த படியும் உண்மை. இது நாம் படித்த தொகுத்தறிதலே அன்றி வேறென்ன? மீதி 12க்குக் குறையாதபோது மட்டுமே 12ஐக் கழிப்பதால் அது ஒருபோதும் குறை எண்ணாவதில்லை. சுற்று நிற்கும்போது மீதி 12க்குக் கீழ் வந்திருக்கும். ஏனெனில் நிற்பதற்குரிய காரணமே அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் மீதி குறைந்துகொண்டே வருவதால் சுற்று ஒருநாள் நின்றே தீரும். நிரூபணம் முடிந்தது. 250க்கு மட்டுமன்று, எந்த எண்ணுக்கும் இது செல்லும்.

ஒரு குறி விடுபட்டால்

இத்தனை எளிய கணக்குக்கு இத்தனை ஆரவாரமா என்று தோன்றலாம். என் அன்னை ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். பீஸ் ரேட்டுக்கு வேலை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்றாலும் அன்றாடம் தைத்த காய்களை ஒரு சிறு நோட்டில் குறித்து வைப்பார். அவர் வேலை செய்த ஓரிடத்தில் முழு டஜனுக்கு அந்தச் சனிக்கிழமையே கூலி. உதிரி அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும். சில வாரங்களில் சீட்டில் ஒரு டஜன் குறைந்து வந்தது. பல வாரங்களில் சரியாகவே வந்தது. கேட்டால், "கம்ப்யூட்டர் கணக்குங்க அக்கா" என்பதே விடை. அவரோ நோட்டை விடவில்லை. கணக்கு டஜன் கணக்கில் உதிரி இல்லாமல் முடியும் வாரங்களில்தான் குறைகிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். கணக்கு எழுதும் தம்பி நிரலைத் திறந்து பார்த்தபோது, "12 அல்லது அதற்கு மேல்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "12க்கு மேல்" என்று மட்டும் இருந்தது.

மேலே உள்ள நிரலில் அந்த மாற்றத்தைச் செய்து பாருங்கள். 250 காய்களுக்கு விடை 20 டஜன், 10 உதிரி, சரி. 251க்கும் சரி. 239க்கும் சரி. 240க்கு மட்டும் 19 டஜன், 12 உதிரி என்று நிற்கும். பன்னிரண்டு எண்களில் பதினோரு எண்களுக்குச் சரியான விடை தரும் நிரல் இது. சோதிப்பவர் கைக்கு வந்த இரண்டு மூன்று எண்களைக் கொடுத்துப் பார்த்தால் அது தேறிவிடும்.

நிரூபணத்தின் முன் தேறுமா? சுற்று நிற்கும்போது நமக்குத் தெரிவது "மீதி 12க்கு மேல் இல்லை" என்பது மட்டுமே. நாம் காட்ட வேண்டியதோ "மீதி 11க்கு மேல் இல்லை" என்பது. இரண்டுக்கும் நடுவே 12 என்ற எண் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு தாளும் பென்சிலும் போதும். கணிப்பொறியை இயக்காமலே பிழை அகப்பட்டுவிடுகிறது.

நிரூபணத்துக்கும் எல்லை உண்டு

எனினும் நிரூபணம் என்றவுடன் கண்ணை மூடிக்கொள்வதும் தகாது. வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவைத் திறந்து பார்த்து, பாதி பாதியாக ஒதுக்கித் தேடும் 'பைனரி சர்ச்' நம் ஆய்வகப் பயிற்சிகளில் ஒன்று. ஜாவா மொழியின் நூலகத்திலேயே இருந்த அந்த நிரலில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்ததை 2006இல் ஜோஷுவா பிளாக் வெளியிட்டார். அந்நிரலை எழுதியவரும் அவரே. நடுவைக் காண இரு முனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். பட்டியல் நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கொண்டதாயின் அந்தக் கூடுதல் 2,147,483,647 என்ற உச்சத்தைத் தாண்டிக் குறை எண்ணாக மாறிவிடக்கூடும். கணிதத்தில் எண்களுக்கு எல்லை இல்லை, கணிப்பொறியில் உண்டு. எல்லை இல்லை என்று எண்ணிக்கொண்டு செய்த நிரூபணம் அங்கே துணை செய்யவில்லை. பி.எஸ்.எல்.வி.யிலும் ஏரியனிலும் கண்ட அதே உச்சவரம்புச் சிக்கல் இங்கே மற்றோர் உருவில் வருகிறது. முனைகளின் வேறுபாட்டில் பாதியைக் கீழ் முனையோடு கூட்டினால் சிக்கல் தீரும்.

மனிதர் எழுதும் நிரூபணத்திலும் பிழை புகலாம் என்பதால், நிரூபணத்தையே வரி வரியாகச் சரிபார்க்கும் கருவிகள் எழுந்தன. பாரிஸ் நகரில் 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் எண் மெட்ரோ தடத்தில் ஓட்டுநர் இல்லாமலே வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் பாதுகாப்புக்குரிய நிரல்கள் 'பி' முறை என்னும் கணித வழியில் உருவாக்கப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் 2009இல் 'எஸ்.இ.எல்.4' என்ற இயக்க முறைமையின் கருவை முழுவதும் நிரூபித்துக் காட்டினர். ஏறத்தாழ 8,700 வரி நிரலுக்கு நிரூபணம் இரண்டு லட்சம் வரி அளவுக்கு நீண்டது. உயிரும் பெரும்பொருளும் நிரலை நம்பியிருக்கும் இடங்களில் மட்டுமே இத்தகைய உழைப்பைச் செலவிட இயலும் என்பதும் இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் இத்துறை வேரூன்றியுள்ளது. 1962இல் தொடங்கி இன்று சென்னைத் தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்திலும், 1989இல் தோன்றி இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் தருக்கம், நிரல் சரிபார்ப்பு ஆகியவற்றில் ஆய்வு நடைபெறுகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் இதற்கெனவே ஒரு மையம் அமைக்கப்பட்டது. இவை தொலைவில் உள்ளன என்று நாம் சோர்வடைய வேண்டியதில்லை. என்.பி.டி.இ.எல். வழியாக இந்நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். முன்நிபந்தனையையும் முடிவு நிபந்தனையையும் நிரலோடு சேர்த்து எழுதினால் தானே சரிபார்க்கும் 'டாஃப்னி' போன்ற கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

"சரி" என்பதை யார் சொல்வது?

இவையனைத்திலும் முதன்மையானதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. நிரூபணம் என்ன சொல்கிறது? நிரல், எழுதிவைத்த முடிவு நிபந்தனையின்படி நடக்கும் என்று சொல்கிறது. அந்த நிபந்தனையே நியாயமானதா என்று அது சொல்வதில்லை. "உதிரிக் காய்களுக்குக் கூலி இல்லை" என்று ஒருவர் நிபந்தனை எழுதினால், அதையும் குற்றமின்றி நிறைவேற்றும் நிரலை எழுதி, கணித முறைப்படி நிரூபித்தும் விடலாம். நிரல் பிழையற்றது, விளைவோ அநீதி.

ஆயினும் கணித வழியில் ஒரு நன்மை உண்டு. எது "சரி" என்பதை முன்கூட்டியே, ஐயத்துக்கு இடமின்றித் தாளில் எழுத அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. நிரலைப் படிக்கத் தெரிந்தவர் சிலர். "ஒரு காயும் காணாமற் போகாது, முழு டஜன் எதுவும் உதிரியில் தங்காது" என்ற இரண்டு வரியைத் தைப்பவரும் படித்துப் பார்க்கலாம், முதலாளியும் பார்க்கலாம், கணக்கரும் பார்க்கலாம். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. எழுதிய வரி இருக்கிறது. அதன்படி வருகிறதா இல்லையா என்று யாரும் கேட்கலாம்.

தோழர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நம்மிற் சிலர் இந்த வட்டாரத்திலேயே கூலிக் கணக்கும் சரக்குக் கணக்கும் எழுதும் நிரல்களைப் படைக்கப் போகிறோம். அந்த நிரல்களின் மறுமுனையில் நம் தாய் தந்தையரைப் போன்றவர்களே இருப்பார்கள். வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவருக்கு ஆய்வக நேரம் போதவில்லை என்பது உண்மையான குறைதான். ஆனால் இக்கலையின் முதற்பாதிக்குக் கணிப்பொறியே வேண்டாம். டைக்ஸ்ட்ரா தம் கட்டுரைகளை மைப்பேனாவால் எழுதியவர். செய்யுமுன் தெரிந்து செய்க என்பதற்காக வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு எல்லாம் எழுதி, இறுதியில் "நிரல் இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது" என்று வழக்கமாக ஒரு வரி எழுதுகிறோம். ஓரிரு எண்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதும் வரி அது. இனி நோக்கத்துக்குக் கீழே முன்நிபந்தனை ஒரு வரியும், முடிவு நிபந்தனை ஒரு வரியும், ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் மாறா உண்மை ஒரு வரியும் எழுதுவோம். பேராசிரியப் பெருமக்களும் இதற்கு ஓரிரு மதிப்பெண் ஒதுக்கினால் அடுத்த ஆண்டே பழக்கமாகிவிடும். மூன்று வரிகள்தாம். அவற்றை எழுதியபின் "சரிபார்க்கப்பட்டது" என்ற சொல்லின் கீழ் நாம் தயக்கமின்றிக் கையெழுத்திடலாம்.